குழந்தைக்கு அடிபட்டா, சுட்டா, எதையாவது முழுங்கிட்டா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

குழந்தைங்க எமர்ஜென்சி வார்டுல நர்ஸா இருக்கேன்னு தெரிஞ்சதுல இருந்து சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, ஸ்கூல் வாட்ஸப் குரூப்னு எல்லாரும் கேக்குறது சுத்தி சுத்தி ஒரே கேள்விங்கதான், அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிடலாம்னு. இது டாக்டருக்கு பதில் இல்ல, டாக்டர் கையில குழந்தைய குடுக்குற வரைக்கும் இருக்கே அந்த பத்து இருபது நிமிஷம், அதுக்குதான். அந்த நேரத்துல வீட்டுல யாரும் சும்மா நிக்க மாட்டாங்க, "எதையாவது தடவு, எதையாவது குடு"ன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, பல கேஸ்ல பட்ட அடிய விட அந்த "எதையாவது"தான் எங்களுக்கு பெரிய வேலை வச்சிடும்.

108 கூப்பிடணுமா, இல்ல நாமளே தூக்கிட்டு ஓடணுமா?

குழந்தைக்கு நினைவு இல்ல, மூச்சு திணறுது, ஃபிட்ஸ் நிக்கவே இல்ல, ரோட்டுல அடிபட்டிருக்கு, கழுத்துல அடின்னு சந்தேகம், உடம்புல நிறைய இடம் வெந்திருக்கு, இதுக்கெல்லாம் 108. 2008ல இருந்து தமிழ்நாட்டுல ஓடுது, காசு கிடையாது, உள்ள ஆக்சிஜனும் பயிற்சி எடுத்த ஆளும் இருப்பாங்க. ஃபோன்ல அழாம முதல்ல இடத்த சொல்லுங்க, பக்கத்துல இருக்குற கோயில், டேங்க், ரேஷன் கடைன்னு எதாவது அடையாளத்தோட.

ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷ தூரம், வண்டியும் வாசல்லயே நிக்குதுன்னா காத்திருக்காதீங்க, கிளம்புங்க. பைக்ல போனா ஓட்ட ஒருத்தர், குழந்தைய பிடிக்க ஒருத்தர் கண்டிப்பா வேணும்.

மூச்சு திணறல எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேப்பாங்க. சட்டைய தூக்கி நெஞ்ச பாருங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவுல உள்ள சதை உள்ள இழுக்குதா, மூக்கு விரியுதா, முனகுற மாதிரி சத்தம் வருதா, பால் குடிக்க முடியலயா, உதடு நீலமா இருக்கா. இதுல ஒண்ணு இருந்தாலும் "காலைல காட்டிக்கலாம்"ங்கற பேச்சே வேண்டாம்.

நாங்க முதல்ல வந்தோம், எங்களுக்கு பின்னாடி வந்த குழந்தைய முன்னாடி எடுக்குறாங்களே?

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியில எல்லாம் எமர்ஜென்சிய சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. சிவப்புன்னா உயிருக்கு இப்பவே ஆபத்து. உங்கள பச்சைல உக்கார வச்சா கோவப்படாதீங்க, நல்ல சேதின்னு எடுத்துக்குங்க. ஆனா உக்காந்திருக்கும்போது குழந்தை திடீர்னு துவண்டு போச்சு, மூச்சு மாறுதுன்னா உடனே எழுந்து வந்து சத்தமா சொல்லுங்க, அங்க கூச்சம் பாக்க வேண்டாம்.

சுடு சாம்பார் கொட்டிடுச்சு, முதல்ல என்ன பண்றது?

எங்க வார்டுக்கு வர்ற தீக்காயத்துல நெருப்ப விட சுடுதண்ணி, சாம்பார், ரசம், டீ, காய்ச்சின பால் இதுங்கதான் ஜாஸ்தி, நடக்க ஆரம்பிச்ச வயசு, மேசை விரிப்ப இழுக்கும், தரைல வச்ச குக்கர்கிட்ட தவழ்ந்து போகும். அடுப்புல இருந்து இறக்கி கால் மணி நேரம் ஆன டீ கூட அந்த மெல்லிய தோல சுட்டுடும்.

குழாய திறந்து விட்டு ஓடுற சாதாரண தண்ணில 20 நிமிஷம் காட்டணும். கடிகாரம் பாத்து 20 நிமிஷம், ஏன்னா ரெண்டு நிமிஷத்துல எல்லாரும் நிறுத்திடறாங்க. மேல சூடு போன மாதிரி இருந்தாலும் தோலுக்கு அடில சூடு வேல செஞ்சுகிட்டே இருக்கும், அத தணிக்கதான் இவ்ளோ நேரம். உடனே முடியலன்னா கூட மூணு மணி நேரத்துக்குள்ள காட்டினா பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், ஐஸ் அந்த தோல இன்னும் கெடுக்கும். சின்ன குழந்தைன்னா வெந்த இடத்துல மட்டும் தண்ணி, மத்த உடம்ப துணி போத்தி வைங்க, இல்லன்னா உடம்பு சில்லுன்னு போயிடும். தண்ணி காட்டும்போதே சட்டை, வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாம் கழட்டிடுங்க, அப்புறம் வீங்கிட்டா வெட்டிதான் எடுக்கணும். துணி தோலோட ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, அத அப்படியே விட்டுட்டு சுத்தி கத்தரிங்க.

இனி தடவுறது. பேஸ்ட், இங்க், மஞ்சள், காபித்தூள், முட்டை வெள்ளை, தேங்காண்ணெய் எல்லாமே பாத்தாச்சு, ஆனா நம்பர் ஒன் தோசை மாவுதான். மாவு பூசி அரைமணி கழிச்சு வரும்போது அது காஞ்சு வெடிச்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கும், காயம் எவ்ளோ ஆழம்னு டாக்டர் பாக்கணும்னா அத ஊற வச்சு ஊற வச்சு எடுக்கணும், அது வரும்போது கூடவே தோலும் வரும், குழந்தை கத்துற கத்துக்கு அம்மா வெளிய போய் நின்னுடுவாங்க. மாவு புளிச்சது வேற, கிருமிக்கு விருந்து. ஒண்ணும் தடவாதீங்க. துவைச்சு காய்ஞ்ச வேட்டி துணியோ, சமையலறைல இருக்குற பிளாஸ்டிக் ரேப்போ மேல லூசா போட்டு கொண்டு வாங்க. பஞ்சு வேண்டாம், ஒட்டிக்கும்.

எது பெரிய காயம்னா, குழந்தையோட சொந்த உள்ளங்கை விரலோட சேத்து உடம்புல சுமார் 1 சதவீதம். அந்த மாதிரி பத்து கை அளவு வெந்திருந்தா டிரிப்ஸ் போட்டே ஆகணும். அளவு சின்னதா இருந்தாலும் முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு மடிப்புன்னா ஆஸ்பத்திரிதான். சென்னைல இருந்தா கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில தீக்காயத்துக்குன்னே தனி பிரிவு இருக்கு.

தீபாவளிக்கு ஒரு வார்த்தை: கம்பி மத்தாப்பு சாதுன்னு நெனச்சு ரெண்டு வயசு குழந்தை கையில குடுக்குறாங்க, அது எரியும்போது 1000 டிகிரிக்கு மேல போகும். அணைஞ்ச கம்பிய பக்கெட் தண்ணில போடுங்க, தரைல போட்டா அடுத்த குழந்தை வெறுங்காலோட மிதிக்கும்.

கொப்புளத்த உடைக்கலாமா?

வேண்டாம்.

தொண்டைல எதோ மாட்டிக்கிச்சு, முதுகுல தட்டலாமா, விரல விட்டு எடுக்கலாமா?

குழந்தை சத்தமா இருமுது, அழுதுன்னா காத்து போயிட்டு வருது, இரும விடுங்க, தலைல தட்டாதீங்க, தண்ணி குடுக்காதீங்க. சத்தமே வரல, இருமல் வரல, முகம் நீலமாகுதுன்னா அப்பதான் உங்க வேலை ஆரம்பிக்குது.

ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தைய உங்க முன்கை மேல குப்புற படுக்க வச்சு, தாடைய கையால பிடிச்சு, தலை உடம்ப விட கீழ இருக்குற மாதிரி சாய்ச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பக்கத்தால 5 அடி. செல்லமா தட்டுறது இல்ல, அடி. வரலன்னா மல்லாக்க திருப்பி, முலைக்காம்பு கோட்டுக்கு கொஞ்சம் கீழ நெஞ்சு எலும்பு மேல 5 அழுத்து. திரும்ப குப்புற, திரும்ப மல்லாக்க, பொருள் வெளிய வர்ற வரைக்கும். இந்த வயசுல வயித்த அமுக்கவே கூடாது, ஈரல் கிழிஞ்சிடும். ஒரு வயசு தாண்டின குழந்தைன்னா முதுகுல 5 அடி, அப்புறம் பின்னாடி மண்டி போட்டு நின்னு, தொப்புளுக்கு மேல முஷ்டிய வச்சு உள்ளயும் மேலயும் இழுக்குற மாதிரி 5 தடவ.

வாய்க்குள்ள கண்ணுக்கு தெரிஞ்சா மட்டும் எடுங்க. தெரியாம விரல விட்டு துழாவினா இன்னும் உள்ள தள்ளிடுவீங்க, தவழுற குழந்தைங்க கேஸ்ல இத நிறைய பாக்குறோம், கூடவே தொண்டைல நக கீறலும்.

நினைவு போயிடுச்சுன்னா தரைல படுக்க வச்சு, ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு 108, நெஞ்ச அமுக்க ஆரம்பிங்க. 30 அமுக்கு, 2 மூச்சு. நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகம், கைக்குழந்தைக்கு ரெண்டு கட்டைவிரலால 4 செ.மீ ஆழம், பெரிய குழந்தைக்கு உள்ளங்கையால 5 செ.மீ. ஒவ்வொரு தடவ மூச்சு ஊதுறதுக்கு முன்னாடியும் வாய்க்குள்ள பாருங்க, பொருள் மேல வந்திருக்கலாம்.

வேர்க்கடலை சாப்பிடும்போது புரை ஏறுச்சு, ரொம்ப இருமினான், இப்ப நல்லா விளையாடுறான். விட்டுடலாமா?

விடாதீங்க. கடலை பாதி மூச்சுக்குழாய்ல போய் உக்காந்துடும், முதல்ல ஒரு பெரிய இருமல், அப்புறம் அமைதி, ரெண்டு வாரம் கழிச்சு சளி, காய்ச்சல், ஒரு பக்க நெஞ்சுல மட்டும் வீசிங். ஆஸ்துமான்னு மருந்து குடுத்துகிட்டே இருப்பாங்க, குறையவே குறையாது. அன்னிக்கு புரை ஏறுனதா யாருமே டாக்டர்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. எக்ஸ்ரேல கடலை தெரியாது, குழாய் விட்டுதான் பாத்து எடுக்கணும். நாலு வயசு வரைக்கும் முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை குடுக்காதீங்க, சப்போட்டா கொட்டை, சீத்தாப்பழ கொட்டை, புளியங்கொட்டை, வெடிச்ச பலூன் துண்டு எல்லாமே இதே லிஸ்ட்தான்.

காசு முழுங்கிட்டா வாழைப்பழம் குடுத்தா போதுமாமே?

ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. வயித்துக்கு போயிட்டா பெரும்பாலும் தானா மலத்துல வந்துடும், உணவுக்குழாய்லயே நின்னா எடுக்கணும். எக்ஸ்ரே எடுக்க சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, நீங்க காசுன்னு நெனச்சது பட்டன் பேட்டரியா இருக்கலாம், ரிமோட், பாட்டு பாடுற பொம்மை, எடை மெஷின்ல எல்லாம் வருதே அந்த வட்ட பேட்டரி. படத்துல பேட்டரிக்கு ஓரத்துல ரெட்டை வளையம் தெரியும், காசுக்கு ஒண்ணுதான்.

பேட்டரி உணவுக்குழாய்ல மாட்டினா எச்சில் பட்டு கரண்ட் ஓடும், ரெண்டு மணி நேரத்துல சதைய அரிச்சு ஓட்டை போட ஆரம்பிச்சிடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, சோறு குடுக்காதீங்க. ஒரு வயசுக்கு மேல உள்ள குழந்தை, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ள, முழுங்க முடியுதுன்னா போற வழியில பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு டீஸ்பூன் தேன் குடுக்கலாம், அது அரிப்ப கொஞ்சம் குறைக்கும். அதுக்காக தேன் வாங்க கடைக்கு வண்டிய திருப்ப வேண்டாம். மூக்குல, காதுல பேட்டரி போட்டுகிட்டாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து மட்டும் விட்டுடாதீங்க. ரெண்டு காந்த குண்டு முழுங்கினாலும் அன்னிக்கே வரணும், குடல நடுவுல வச்சு ஒண்ண ஒண்ணு இழுத்துக்கும்.

கட்டில்ல இருந்து விழுந்துட்டா, தூங்க விடலாமா? சி.டி ஸ்கேன் எடுக்கணுமா?

விழுந்த உடனே அழுதாளா, கொஞ்ச நேரத்துல சமாதானம் ஆகி பழையபடி பால் குடிக்கறாளா, முகம் பாத்து சிரிக்கறாளா, அப்ப பயப்பட பெருசா ஒண்ணும் இல்ல. தூங்குற நேரம்னா தூங்கட்டும். தூங்கவே விடாம உலுக்கி உலுக்கி வச்சிருந்தா மயக்கமா தூக்கமான்னு எங்களுக்கே குழப்பம் வரும். முதல் சில மணி நேரம் அப்பப்ப தட்டி பாருங்க, சிணுங்கி திரும்பி படுத்தா போதும்.

மூணு மாசத்துக்குள்ள குழந்தை, திரும்ப திரும்ப வாந்தி, ஃபிட்ஸ், எழுப்பினா எழாதது, ஒரு கண் பாப்பா பெருசு ஒண்ணு சின்னது, மூக்குலயோ காதுலயோ தெளிவான தண்ணி இல்ல ரத்தம், உச்சிக்குழி புடைச்சிருக்கு, தலை பக்கவாட்டுல மெத்து மெத்துன்னு வீக்கம், இதுல எது இருந்தாலும் உடனே வாங்க. நெத்தில வர்ற கொழுக்கட்டை மாதிரி வீக்கத்த விட காதுக்கு மேல வர்ற மெத்து வீக்கம்தான் எங்களுக்கு பயம். ரெண்டு வயசுக்குள்ளன்னா மூணு அடிக்கு மேல இருந்து விழுந்தா கட்டாயம் காட்டணும்.

சி.டி எல்லாருக்கும் தேவையில்ல, அது கதிர்வீச்சு. அமெரிக்காவுல 42 ஆயிரத்துக்கு மேல குழந்தைங்கள வச்சு பண்ணின ஆய்வு 2009ல வந்தது, எந்த குழந்தைக்கு ஸ்கேன் வேண்டாம்னு அறிகுறிய வச்சே தைரியமா சொல்லலாம்னு காட்டுனது அதுதான். அதனால "நாலு மணி நேரம் வார்டுல வச்சு பாப்போம்"னு டாக்டர் சொன்னா அலட்சியம்னு நெனச்சு ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீங்க, பாத்துகிட்டே இருக்கறதும் வைத்தியம்தான்.

வாக்கர் பத்தி கேட்டா என் பதில் ஒண்ணுதான், வாங்காதீங்க. கனடால 2004ல விக்கவே தடை போட்டாங்க. நடை சீக்கிரம் வராது, படிக்கட்டுதான் சீக்கிரம் வரும்.

கைய பிடிச்சு தூக்கினேன், அதுல இருந்து கைய அசைக்கவே மாட்டேங்குறான்

அஞ்சு வயசுக்குள்ள இது சர்வ சாதாரணம், ரோடு கிராஸ் பண்ணும்போது வெடுக்குன்னு இழுத்தது, ரெண்டு கைய பிடிச்சு ஊஞ்சல் ஆட்டினது. முழங்கைல சின்ன எலும்பு வளையத்துல இருந்து லேசா நழுவியிருக்கும். வீக்கம் இருக்காது, கை மட்டும் தொங்கும். டாக்டர் முழங்கைல ஒரு விரல வச்சுகிட்டு மணிக்கட்ட ஒரு திருப்பு திருப்புவார், க்ளிக்னு ஒண்ணு உணருவார், அவ்ளோதான், பத்து நிமிஷத்துல குழந்தை அதே கையால பிஸ்கட் வாங்கிக்கும். யூட்யூப் பாத்து நீங்க திருப்பாதீங்க, ஏன்னா விழுந்து எலும்பு உடைஞ்ச கையும் இப்படியேதான் தொங்கும்.

விழுந்து முழங்கை வீங்கியிருந்தா அது வேற கதை. அங்க ரத்தக்குழாயும் நரம்பும் எலும்ப ஒட்டியே போகுது. அத எக்ஸ்ரே கூட எடுக்காம மூங்கில் பத்தை வச்சு இறுக்கமா நாட்டுக்கட்டு போட்டா, உள்ள வீங்கி ரத்த ஓட்டம் நின்னு, சில மணி நேரத்துல முன்கை சதை செத்துடும், அப்புறம் விரல் மடங்கி கொக்கி மாதிரி ஆயிடும், வாழ்க்கை முழுக்க. யார் போட்ட கட்டா இருந்தாலும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டா இருந்தாலும் சரி, விரல் நீலமா ஜில்லுன்னு இருக்கு, நீட்டி விட்டா உயிர் போற மாதிரி அழுதுன்னா ராத்திரின்னு பாக்காம போய் கட்ட அவுத்துடணும்.

எதையோ குடிச்சிட்டான், உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடாது. இதுக்கு மட்டும் எனக்கு கோவமே வரும். மண்ணெண்ணெய் குடிச்ச குழந்தைக்கு ஆபத்து வயித்துல இல்ல, நுரையீரல்ல. வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், நிமோனியா வந்துடும். டாய்லெட் கழுவுற ஆசிட் போகும்போது ஒரு தடவ சுட்டிருக்கு, வாந்தில வரும்போது ரெண்டாவது தடவ சுடும். உப்புத்தண்ணி அதிகமானா ரத்தத்துல உப்பு ஏறி அதுவே தனி ஆபத்து. வாய துடைச்சு, மேல கொட்டின சட்டைய கழட்டி, தோல கழுவிட்டு, அந்த பாட்டிலயும் எடுத்துட்டு வாங்க.

நம்ம வீட்டுல விஷம்னே யாரும் நெனைக்காதது கற்பூரம். கல்கண்டுன்னு நெனச்சு வாய்ல போட்டுக்கும், கால் மணி, அரைமணிக்குள்ள ஃபிட்ஸ் வந்துடும், ரெண்டு மூணு வில்லையே சின்ன குழந்தைக்கு ஜாஸ்தி. நீலகிரி தைலம் குடிச்சாலும் அதே மாதிரி ஃபிட்ஸ். சளிக்குன்னு மூக்குல எண்ணெய் விடறதும் இதுல சேரும், அது நேரா நுரையீரலுக்குதான் போகும். அந்துருண்டை முழுங்கினா சில குழந்தைங்களுக்கு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் உடைஞ்சு மூத்திரம் டீ டிக்காஷன் கலர்ல போகும்.

எலி பேஸ்ட்தான் ரொம்ப ஏமாத்தும். பல்லு விளக்குற பேஸ்ட்னு நெனச்சு வாய்ல வச்சிருக்கும். முதல் நாள் கொஞ்சம் வாந்தி, அப்புறம் ரெண்டு நாள் நல்லா இருக்கும், வீட்டுல "ஒண்ணுமில்ல"ன்னு நிம்மதியாயிடுவாங்க, மூணாவது நாள் கண்ணு மஞ்சளாகும், அப்ப ஈரல் போயிகிட்டிருக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள சரக்குக்கு முறிவு மருந்தே கிடையாது. தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சு, ஆனாலும் பழைய டியூப் பரண்ல கிடக்கும், தேடி பாருங்க. வாய்ல பட்டுச்சான்னு சந்தேகம் இருந்தா கூட அன்னிக்கே வாங்க.

வயக்காட்டு பக்கம்னா பூச்சிமருந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கறது. எச்சில் ஒழுகும், கண்ணு தண்ணி, வேர்வை, கண் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருக்கும், இது மருந்துக்கு நல்லா கேக்கும், ஆனா சீக்கிரம் வரணும். ஸ்கூல் பசங்க காட்டாமணக்கு கொட்டைய முந்திரின்னு தின்னுட்டு கும்பலா வாந்தியோட வருவாங்க, பெரும்பாலும் டிரிப்ஸ்லயே சரியாயிடும். அரளிக்கொட்டை அப்படி இல்ல, அது இதயத்துடிப்ப நிறுத்தும், குறைஞ்சது ஒரு நாள் மானிட்டர்ல வைக்கணும்.

டெல்லி எய்ம்ஸ்ல விஷ தகவல் மையம் இருக்கு, 1800 116 117, இலவசம், ராத்திரி பகல் எடுப்பாங்க. ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வைங்க.

காய்ச்சல்ல ஃபிட்ஸ் வருது, கையில இரும்பு சாவி குடுக்கலாமா?

சாவி குடுத்தா நிக்காது, அது நிக்குற நேரத்துல தானா நின்னது, பேரு சாவிக்கு. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் காய்ச்சலோட வர்ற ஃபிட்ஸ் பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடும், மூளைய கெடுக்காது. ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாய்ல ஸ்பூன், விரல், தண்ணி எதுவும் வைக்காதீங்க, கைகால அமுக்கி பிடிக்காதீங்க, மணி பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108. முன்னாடியே ஒரு தடவ வந்த குழந்தைன்னா ஃபிட்ஸ நிறுத்துற மிடசோலம் மூக்கு ஸ்பிரே வீட்டுல வச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. முதல் தடவ வருதுன்னா நின்னுட்டாலும் காட்டியே ஆகணும்.

பாராசிட்டமால் எத்தன எம்.எல்?

வயசுக்கு இல்ல, எடைக்கு. கிலோவுக்கு 15 மி.கி, அதாவது 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. குழப்பம் எங்க வருதுன்னா பாட்டில்ல. 5 எம்.எல்ல 250 மி.கி உள்ள சிரப்னா 3 எம்.எல், 125 உள்ளதுன்னா 6 எம்.எல், சொட்டு மருந்து பாட்டில் 1 எம்.எல்லயே 100 மி.கி, அதுல ஒன்றரை எம்.எல்தான். சொட்டு மருந்த அந்த 125 சிரப் அளவுல ஊத்தினா நாலு மடங்கு போயிடும். லேபிள படிங்க, மூடில வர்ற கப்புல அளங்க, டீ ஸ்பூன்ல வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம், நடுவுல குறைஞ்சது 4ல இருந்து 6 மணி நேரம். மூணு மாசத்துக்குள்ள குழந்தைக்கு காய்ச்சல்னா மருந்து குடுத்து பாக்காதீங்க, நேரா வாங்க.

பாம்பு, தேள்?

கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, மந்திரிக்க போய் நேரத்த விடாதீங்க. கடிச்ச கை காலுக்கு ஸ்கேல் வச்சு லேசா அசையாம பண்ணி, குழந்தைய நடக்க விடாம தூக்கிட்டு வாங்க. பாம்ப பிடிச்சு டப்பால கொண்டு வர வேண்டாம், வார்டுல எல்லாரும் ஓடுவாங்க. ஆஸ்பத்திரியில கண்ணாடி டியூப்ல ரத்தம் எடுத்து 20 நிமிஷம் வச்சு உறையுதான்னு பாத்தே விரியன் கடிய கண்டுபிடிக்கலாம். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம், குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே அளவுதான், ஏன்னா பாம்பு ஆள் பாத்து விஷத்த குறைச்சு விடறதில்ல. அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்து குடுக்கறதுல முக்கியமானவங்க வடநெம்மேலில 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், நம்ம ஈ.சி.ஆர் ரோட்டுலதான் இருக்கு.

கட்டுவிரியன் தனி. ராத்திரி தரைல படுத்திருக்கும்போது கடிக்கும், வலி தெரியாது, தடமும் தெரியாது. விடிகாலைல வயித்து வலி, வாந்தி, இமை தொங்குது, பேச்சு குழறுதுன்னா அஜீரணம்னு ஓமத்தண்ணி குடுக்காதீங்க.

செந்தேள் கொட்டினா வலி மட்டும் இருந்தா பரவாயில்ல. வேர்த்து கொட்டுது, கை கால் ஜில்லுன்னு இருக்கு, வாந்தின்னா இதயத்துக்கு போகுதுன்னு அர்த்தம். பிரசோசின்னு ஒரு சாதாரண ரத்தக்கொதிப்பு மாத்திரைய இதுக்கு குடுக்கலாம்னு காட்டினவர் மகாராஷ்டிரால மகாட்ங்கற சின்ன ஊர்ல இருக்குற டாக்டர் பவாஸ்கர், 2022ல பத்மஸ்ரீ வாங்கினார். அதுக்கு முன்னாடி இந்த குழந்தைங்கள காப்பாத்தறது ரொம்ப கஷ்டம்.

நாய் லேசாதான் கீறுச்சு, ஊசி போடணுமா?

போடணும். முதல்ல சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, அழுதாலும் கழுவுங்க. சுண்ணாம்பு, மிளகாத்தூள் வேண்டாம். ஊசி 0, 3, 7, 28வது நாள் (முதல் ஊசி போடுற நாள்தான் 0), ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம். ரத்தம் வந்திருந்தா காயத்துக்குள்ளயே இம்யூனோகுளோபுலின்ங்கற இன்னொரு ஊசி மருந்தும் போடணும், அது பெரிய ஆஸ்பத்திரிலதான் கிடைக்கும், அத விட்டுடாதீங்க, குழந்தைங்க உயரத்துக்கு கடி முகத்துலதான் விழும், முகத்து கடிக்கு நேரம் ரொம்ப கம்மி. வெறிநோய் வந்துட்டா அப்புறம் வைத்தியம் இல்ல.

தண்ணில விழுந்த குழந்தைய தலைகீழா சுத்தினா தண்ணி வெளிய வருமே?

வர்றது வயித்து தண்ணி, அது உயிர காப்பாத்தாது, அத எடுக்குற நேரத்துல மூளை காத்து இல்லாம போயிடும். மூச்சு இல்லன்னா உடனே ரெண்டு மூச்சு ஊதி, அப்புறம் 30 அமுக்கு, 2 மூச்சு. உப்புல புதைச்சு வச்சா பொழைக்கும்னு ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுத்துது, அத அனுப்புறவங்கள குரூப்ப விட்டு தூக்குங்க. கிணத்துல, குளத்துல நீச்சல் தெரியாம குதிக்காதீங்க, புடவையோ கயிறோ வீசுங்க. பொழைச்சு நல்லா பேசினாலும் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரில இருக்கணும், நுரையீரல் அப்புறமா வேலைய காட்டும். தவழுற குழந்தைக்கு கிணறு வேணாம், பாத்ரூம்ல அரை பக்கெட் தண்ணி போதும்.

பைக் சக்கரத்துல கால் மாட்டிக்கிச்சு, தோல் மட்டும்தான் உரிஞ்சிருக்கு

அப்படிதான் தெரியும். குதிகால் தோல ஸ்போக் நசுக்கியிருக்கும், நாலஞ்சு நாள் கழிச்சு அதே இடம் கருத்து உள்ள போயிடும். சக்கரத்த பின்னாடி உருட்டி கால எடுக்காதீங்க, ஸ்போக்க வெட்டுங்க. எக்ஸ்ரே எடுத்து, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ காட்டுங்க. பின் சீட்டுல ஒரு பக்கமா கால் போட்டு உக்கார வைக்காதீங்க. 9 மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் குழந்தைய பெல்ட் போட்டு, ஹெல்மெட் போட்டு, 40 கி.மீ வேகத்துக்குள்ளதான் கூட்டிட்டு போகணும்னு 2023 பிப்ரவரில இருந்து சட்டமே இருக்கு. ரோட்டுல இத யார் பாக்குறா சொல்லுங்க, பெட்ரோல் டேங்க் மேல நின்னுகிட்டு வர்ற குழந்தைதான் ஜாஸ்தி.

போலீஸ் கேஸ் ஆகும்னு ஆஸ்பத்திரில சேக்க மாட்டாங்களாமே? பணம்?

1989லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, முதல்ல உயிர், அப்புறம்தான் போலீஸ் பேப்பர், அரசு ஆஸ்பத்திரி தனியார் ரெண்டுக்கும் இதுதான். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல எழுதுறது வழக்கமான பதிவு, அதுக்கு பயப்பட வேண்டாம். அடிபட்ட வேற வீட்டு குழந்தைய தூக்கிட்டு வந்தீங்கன்னா உங்க பேர சொல்ல சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 2019 மோட்டார் வாகன சட்ட திருத்தத்துல இருக்கு. ரோடு விபத்துன்னா முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு செலவுல நடக்குற இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு, 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்சாங்க, திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் செல்லும், வெளி மாநிலத்துக்காரங்களுக்கும் உண்டு.

வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?

முழுங்கின பாட்டில், மாத்திரை அட்டை, கொட்டை எதுவோ அது. தடுப்பூசி அட்டை. குழந்தையோட எடை. கடைசியா எப்ப சாப்பிட்டது, ஏன்னா மயக்க மருந்து குடுக்கணும்னா அதான் முதல் கேள்வி, அதனால வழியில அழுகைய நிறுத்த ஜூஸ், பிஸ்கட் குடுக்காதீங்க.

அப்புறம் நடந்தத நேர்ல பாத்தவங்க யாரோ அவங்க. பெரும்பாலும் பாட்டியோ, வேலைக்கு வர்ற அக்காவோதான் பாத்திருப்பாங்க, அவங்கள திட்டி வீட்டுல அழ விட்டுட்டு ஒண்ணுமே பாக்காத அப்பா மட்டும் வருவார், எத்தன மணிக்கு, எவ்ளோ உயரம், எத்தன மாத்திரைன்னு கேட்டா முழிப்பார். கூட்டிட்டு வர முடியலன்னா ஃபோன்லயாவது லைன்ல வைங்க, "யாரும் திட்ட மாட்டாங்க, உள்ளத சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு எங்ககிட்ட குடுங்க.